காலி பாட்டிலின் விலை

பத்து மைக்ரோகிராம் என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு கிராம் உப்பை எடுத்துக்கொண்டு, பொறுமை இருந்தால், லட்சம் பங்கு போடவும். அதில் ஒரு பங்கு. ஊசி முனையில் வைத்தால் ஊசி முனை மட்டும்தான் தெரியும்.

அந்த அளவில் ஒரு புரதம் விற்கிறார்கள். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பேச்சுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் கிராம் நூறு கோடி. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று திருச்சி பெரிய கடைவீதியில் பெருமூச்சு விடுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

இத்தனை கொடுத்து வாங்கிப் பிரித்தால் குப்பி காலியாக இருக்கிறது! உறைய வைத்து உலர்த்திய அந்தப் புரதம் கண்ணாடியின் சுவரில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியில்கூட இருக்கலாம். அதனால் திறப்பதற்கு முன்னால் குப்பியை மிஷினில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி அடியில் இறக்கவேண்டும். புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பையன்கள் சிலர் 'ஸார், வெறும் பாட்டிலை அனுப்பிட்டான்' என்று பதறுவது உண்டு.

புரதத்தின் பெயர் ஜிடிஎன்எஃப். முழுப் பெயர் கிளியல் செல் லைன் டிரைவ்டு நியூரோட்ரோபிக் ஃபாக்டர். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்கள் நுரையீரல் நன்றாக இருக்கிறது. மூளையில் டோபமின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்களைச் சாகவிடாமல் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்கு அல்ல.'

இந்த வாரம் அந்தப் பொடி எழுத்தைப் பற்றி.

*

திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், எனக்குப் பதினைந்து வயது இளையவர், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. செல்போனை நீட்டினார்.

"ஸார், இந்த ஜிடிஎன்எஃப் ஆன்லைன்ல கெடைக்கறது. அப்பாவுக்கு வாங்கிப் போட்டா என்ன?"

"யார் போடுவா?"

"தெரிஞ்ச மெடிக்கல் ஷாப்காரர் இருக்கார். நன்னா வலிக்காம ஊசி போடுவார்."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் போல இருந்தது. பஸ் அப்போது காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

சிரிக்க வேண்டாம். அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சில வருஷம் முன்பு பால் கணக்கு நோட்டில் அந்த எழுத்து வரவரச் சிறுத்து எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. 'பேனா சரியில்லடா' என்றார். பிள்ளை மூன்று பேனா வாங்கித் தந்தான். அதற்கும் முன்னாலேயே ரசத்தில் பெருங்காய வாசனை வரவில்லை என்று மாமியோடு தகராறு. வாசனை தெரியாமல் போவதும் எழுத்து சிறுப்பதும் கை நடுங்குவதற்கு முன்பே வரக்கூடிய பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் என்று யாருக்குத் தெரியும்? இப்போது அவரால் தனியாக ரங்கா ரங்கா கோபுர வாசலைத் தாண்ட முடியவில்லை. வாசலுக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வருகிறவர்கள் 'மாமா, நகருங்கோ' என்கிறார்கள். அவருக்கும் நகரத்தான் ஆசை.

பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. வீட்டுக் கடன் இருக்கிறது. நூறு கோடிக் கணக்கெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. "ஒரு பாட்டில்தானே ஸார், போனஸ் வந்திருக்கு" என்றார். ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை அவருக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் இங்கே சொல்கிறேன்.

*

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கருத்த பகுதி. லத்தீனில் 'கறுப்புப் பொருள்' என்று அர்த்தம். மூளையில் இருக்கும் கோடானுகோடி செல்களில் இங்கே இருக்கும் டோபமின் செல்கள் சில லட்சம்தான். கை கால் அசைவை இழைத்து இழைத்துச் சரி செய்வது இவை. இவற்றில் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் நமக்கு விஷயமே தெரிகிறது. 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நோயை எழுதி வைத்தார். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகிவிச் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, குறைவது டோபமின்தான் என்று கண்டுபிடித்தார்.

டோபமினை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதன் முந்தின வடிவமான லெவோடோபா போகும். 1967-ல் நியூயார்க்கில் கோட்சியாஸ் அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றைக்கும் அதுதான் முதல் மருந்து.

இதில் நம் ஊர்ப் பங்கு ஒன்று உண்டு. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1937-ல், சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்கிற இரண்டு விஞ்ஞானிகள் இதே லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். எதற்கு உதவும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் காலத்தில் கொள்ளிடக் கரைப் பையன்களுக்குப் பூனைக்காலியின் உபயோகம் வேறு. நெற்றின் மேல் இருக்கும் ரோமத்தைச் சுரண்டிக்கொண்டுவந்து கணக்கு வாத்தியார் நாற்காலியில் தூவுவான் ஒருவன். அன்றைக்குக் கணக்கு இருக்காது.

(பூனைக்காலிப் பொடியை வாங்கித் தாங்களாகவே சாப்பிடக் கிளம்பாதீர்கள். ஒரு ஸ்பூனில் எத்தனை லெவோடோபா இருக்கிறது என்று விதைக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.)

லெவோடோபா என்பது தண்ணீர் லாரி. வந்து நின்றால் தெருவில் குடம் நிரம்பும். ஆனால் கிணறு தூர்ந்துகொண்டே போகும். செல்கள் சாவதை அது நிறுத்துவதில்லை. கிணற்றையே தூர் வாரக் கிளம்பியதுதான் ஜிடிஎன்எஃப்.

*

நரம்பு செல் வளர ஊட்டம் கொடுக்கும் புரதங்கள் உண்டு என்பதற்கு அடி போட்டவர் இத்தாலிய அம்மணி ரீட்டா லெவி மோண்டால்சினி. யூதர் என்பதற்காக யுத்த காலத்தில் வேலை போய், தன் படுக்கையறையில் கோழி முட்டையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். 1986-ல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் பரிசு. அந்த வழியில் 1993-ல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் சினர்ஜென் கம்பெனியின் லின், காலின்ஸ் குழுவினர் எலியின் மூளைத் துணை செல்கள் வளர்ந்த திரவத்திலிருந்து ஜிடிஎன்எஃப்பைப் பிரித்தார்கள். கிண்ணத்தில் வளர்த்த டோபமின் செல்களுக்கு அதைத் துளி கொடுத்தால் அவை பிழைத்தன, கிளை விட்டன. அடுத்த வருஷமே சினர்ஜென்னை ஆம்ஜென் வாங்கிவிட்டது.

இதைத் தயாரிக்கிற விதம் வேடிக்கையானது. மனித ஜீனை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செருகுவார்கள். ஆமாம், நம் குடலில் குடியிருக்கும் அதே வம்சம். பாக்டீரியா தனக்குச் சம்பந்தமே இல்லாத இந்தப் புரதத்தை மாங்கு மாங்கென்று தயாரிக்கும். ஆனால் ஒழுங்காக மடிக்கத் தெரியாமல் உருட்டி உருட்டி மூலையில் போட்டுவிடும். அந்த உருண்டைகளைக் கரைத்து, சிக்குப் பிடித்த நூலைப் பிரிக்கிற மாதிரி பிரித்து, மறுபடி சரியாக மடிய வைக்கவேண்டும். 134 அமினோ அமிலங்கள் கொண்ட இழை. இரண்டு இழைகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். அப்புறம் வடிகட்டி, சோதித்து, உறைய வைத்து உலர்த்தி, காலி பாட்டில்!

குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முதலில் குரங்குக்குப் பார்க்கின்சன் வரவேண்டுமே? அதற்கு வழி 1982-ல் கலிபோர்னியாவில் விபரீதமாகக் கிடைத்தது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலையாகிப் போனார்கள். டாக்டர் லாங்ஸ்டன் துப்பறிந்து, அதில் கலந்திருந்த எம்பிடிபி என்கிற விஷம் டோபமின் செல்களைத் தேடித் தேடிக் கொன்றிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த விஷம் கொடுத்த குரங்குகளுக்கு 1996-ல் கென்டக்கியில் ஜிடிஎன்எஃப் கொடுத்தபோது அவை தேறின. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் என் நண்பர் ஆன்லைனில் தேட வேண்டி இருந்திருக்காது.

*

முதலில் ஐம்பது நோயாளிகள். மூளைக்குள் இருக்கும் நீர் அறையில் மருந்தைச் செலுத்தினார்கள். குமட்டல் வந்தது, எடை குறைந்தது, கை காலில் ஊசி குத்தியது. நடை மட்டும் தேறவில்லை. போகவேண்டிய இடத்துக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை.

அடுத்து 2003-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சர்ஜன் ஸ்டீவன் கில், டோபமின் வந்து சேரவேண்டிய புட்டேமன் என்ற இடத்துக்கே மெல்லிய குழாய் போட்டு மருந்தைச் சொட்டவிட்டார். ஐந்தே பேர். ஒரு வருஷத்தில், மாத்திரை இல்லாத நேரத்திலும் அசைவு 39 சதவீதம் தேறியது. அதில் ஒருவர் பிறகு மாரடைப்பில் இறந்தார். அவர் மூளையைப் பார்த்தபோது, குழாய் போட்ட பக்கத்தில் டோபமின் நரம்புகள் புதிதாகத் துளிர் விட்டிருந்தன. எனக்கு இந்த ஒரு தகவல் இன்னும் சிலிர்ப்பாக இருக்கிறது.

ஆம்ஜென் 34 பேரை வைத்து முறையான பரிசோதனை செய்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு சிலர் ரத்தத்தில் இந்தப் புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருந்தது. அதிக அளவு கொடுத்த சில குரங்குகளுக்குச் சிறுமூளையில் பழுது. 2004-ல் ஆம்ஜென் மொத்தத்தையும் நிறுத்திவிட்டது. 'எனக்குக் குணமாகிக்கொண்டிருந்தது, நிறுத்தாதே' என்று நோயாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள். சட்டப்படி கம்பெனி பக்கம்தான் நியாயம் என்று இரண்டு கோர்ட்டுகள் சொல்லிவிட்டன. எனக்குக் கம்பெனியின் காரணங்களும் புரிகின்றன. தலையில் ஓட்டை போட ஒப்புக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்று சொன்ன ஒருவரிடமிருந்து மருந்தைப் பிடுங்கிய அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்பதும் புரிகிறது.

கில் விடவில்லை. மறுபடி பிரிஸ்டலில் 41 பேர். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு பிளக் பாயின்ட் மாதிரி வைத்து, அதிலிருந்து மூளைக்கு நான்கு குழாய்கள். நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்து மாட்டிக்கொள்ளவேண்டும். நாற்பது வாரம் இப்படி. 2019-ல் முடிவு வந்தது. ஜிடிஎன்எஃப் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம் தேறினார்கள். வெறும் திரவம் பெற்றவர்கள் சுமார் 12 சதவீதம்! புள்ளிவிவரக்காரர்கள் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆனால் ஸ்கேனில் மட்டும், மருந்து பெற்றவர்களின் புட்டேமனில் டோபமின் வேலை 25 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. வெறும் திரவம் பெற்றவர்களுக்கு ஸ்கேனில் மாற்றம் இல்லை.

மருந்து மூளையில் ஏதோ செய்கிறது. நடையில் அது தெளிவாகத் தெரியவில்லை. வெறும் திரவக்காரர்கள் எப்படித் தேறினார்கள் என்கிறீர்களா? பார்க்கின்சனில் நம்பிக்கையே கொஞ்சம் டோபமினைச் சுரக்க வைக்கும். அதனால்தான் 'அவருக்குப் போட்டு நன்னாயிட்டார்' என்கிற பக்கத்து வீட்டு சாட்சியம் இந்த நோயில் செல்லாது.

*

இப்போது மெடிக்கல் ஷாப்காரர் ஊசிக்கு வருவோம்.

ஜிடிஎன்எஃப்பை வாயில் போட்டால் வயிறு அதைப் பருப்புசிலி மாதிரி செரித்துவிடும். கையில் ஊசி போட்டால் ரத்தத்தில் சுற்றும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மதில் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, ஏழு பார்த்தவர்கள். இத்தனை பெரிய புரதத்துக்கு அங்கே வாசல் கிடையாது. அதோடு அந்தக் குப்பி கிண்ணத்தில் வளரும் செல்லுக்காகத் தயாரித்தது. மருந்து ஊசிக்கு வேண்டிய கிருமி நீக்கம், சோதனை எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஈ.கோலையின் தோல் மிச்சம் துளி இருந்தால் போதும், குளிர் ஜுரம் தூக்கிப் போடும். சில குப்பிகளில் புரதம் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க மாட்டு ரத்தத்துப் புரதமும் சேர்த்திருப்பார்கள். இதைச் சொன்னதும் நண்பர் முகம் மாறியது. விஞ்ஞானம் சாதிக்காததை ஆசாரம் சாதித்தது.

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா ஸார்?"

"அப்பாவுக்கு மாத்திரை எப்பக் கொடுக்கறேள்?"

"தளிகை ஆனப்புறம். வெறும் வயித்துல கூடாதுன்னு அம்மா..."

விஷயம் அங்கேதான் இருந்தது. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். அது குடலைத் தாண்டவும் மூளை மதிலைத் தாண்டவும் ஒரு வாசல் உண்டு. பருப்பு, தயிர், பாலிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் க்யூவில் நிற்கும். மாமா தினமும் பருப்பு சாதம், தயிர் சாதம் முடித்து மாத்திரை விழுங்கினால், ஏகாதசிக் கூட்டத்தில் கடைசியில் நிற்கிறவர் கதிதான் மாத்திரைக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் பலருக்கு நன்றாகப் பிடிக்கிறது. குமட்டல் வருகிறவர்களுக்கு இரண்டு பிஸ்கட் போதும். எதற்கும் நரம்பு டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாற்றவும் என்று சொன்னேன். செலவு பூஜ்யம் என்பதால் அவருக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால், தரையில் கோடு போட்டுத் தாண்டச் சொன்னால் பல பேருக்குத் தாண்டிவிடும். தானாக நடப்பதற்கு ஒரு வழி, பார்த்து நடப்பதற்கு இன்னொரு வழி என்று மூளை வைத்திருக்கிறது. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது திறந்திருக்கலாம். தாளத்துக்கும் கால் நகரும். உத்தர வீதியில் மார்கழி மாதம் கோலத்துக்கா பஞ்சம்?

*

தூர் வாரும் வேலை நிற்கவில்லை. புரதத்தை ஊற்றுவதற்குப் பதிலாக, அதன் ஜீனை வைரஸில் ஏற்றி ஒரே தடவை மூளைக்குள் அனுப்பி, மூளையே தயாரித்துக்கொள்ளச் செய்யும் முயற்சியில் பேயர் கம்பெனியைச் சேர்ந்த ஆஸ்க்பயோ இறங்கியிருக்கிறது. இரண்டாம் கட்டப் பரிசோதனை. பொறுத்திருந்து பார்க்கவேண்டும். இதன் தம்பி புரதம் நியூர்ட்டுரினை இதே வழியில் அனுப்பியபோது பலிக்கவில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸில் ஒரு மூளை வங்கி இருக்கிறது. அங்கே முத்தனே, யஷா, ஷங்கர் மூவரும் 1998-ல் ஒரு விஷயம் வெளியிட்டார்கள். இந்திய மூளையில் அந்தக் கறுப்பு செல்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வயதாக ஆக அவை குறைந்துகொண்டு போவதாகத் தெரியவில்லை. 2010-ல் அல்லாடி குழுவினர் அதே பகுதியில் ஜிடிஎன்எஃப் வந்து பொருந்தும் பூட்டுகள் முதுமையிலும் பத்திரமாக இருப்பதைக் காட்டினார்கள். பூட்டு இருக்கிறது. சாவியை உள்ளே கொண்டுபோவதுதான் பாடு.

காலி பாட்டில்கள் எங்கே போகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் செல் வளர்க்கும் கிண்ணங்களுக்கு. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து டோபமின் செல்லின் முந்தின பருவத்தை வளர்க்கும்போது போடும் ஊட்டத்தில் ஜிடிஎன்எஃப்பும் ஒன்று. அப்படி வளர்த்த செல்களை ஏழு நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் முடிவு வெளியானது. பலனைச் சோதித்த ஆறு பேரில் நான்கு பேருக்கு மாத்திரை இல்லாத நேரத்தில் அசைவு தேறியிருந்தது. இதை வைத்து உங்கள் ஊரில் யாராவது 'ஸ்டெம் செல் ஊசி, தவணை வசதி உண்டு' என்று போர்டு மாட்டினால் உள்ளே போகவேண்டாம். பார்க்கின்சனுக்கு அப்படிக் காசுக்குப் போடுவது ஐசிஎம்ஆரின் 2017 விதிகளின்படி கூடாது. கியோட்டோவில் அந்த ஏழு பேரையும் இரண்டு வருஷம் ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள், கட்டி ஏதும் வளர்கிறதா என்று. வளரவில்லை. அடுத்து எத்தனை பேருக்கு, எந்த வயதில், எத்தனை லட்சம் செல் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.